முன்பணம் கட்டியவர்கள்

மார்ச் 4

என் அன்புத் தம்பிக்கு,

ஒருவழியாக உன் பிடிவாதம் ஜெயித்துவிட்டது. உன் அத்தான் தவறிப்போனதிலிருந்து, "தனியா கிடந்து என்ன பண்ணப் போற, இங்க வந்துடு" என்று நீ போட்ட நச்சரிப்பு தாங்கவில்லை. எங்கள் லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் என் பாதிப் பங்கைக் கூட்டாளிக்கே எழுதிக் கொடுத்துவிட்டு உன்னோடு வந்துவிடப் போகிறேன்.

கூட்டாளி கெட்டவர் இல்லை. எந்நேரமும் கிரீஸ் கையோடு அலைகிற மனுஷன். சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவது ஓட்டை வேனும் நாலு பெட்டி ஸ்பானரும்தானாம். "அண்ணி, இதுக்கு மேல குடுத்தா நான் தலையில துண்டுதான் போட்டுக்கணும்" என்கிறார்.

நீ பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் விலை போடுகிறவன். ஒரு பேச்சுக்குப் பார்த்துவிடு. எல்லா வருடத்துக் கணக்கறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் கையெழுத்து. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதே!

ஒரு பேச்சுக்குப் பார்க்க உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கூட்டாளி கழித்தாரே, அந்தக் கடன் என்ன தெரியுமா? வாடிக்கையாளர்கள் வருட ஆரம்பத்திலேயே கட்டிவிடுகிற பராமரிப்புப் பணம். வேலை இன்னும் பாக்கி என்பதால் பேலன்ஸ் ஷீட்டில் கடன் பக்கம் நிற்கிறது. அதை நீங்கள் வேலையாகத்தான் திருப்பித் தரப் போகிறீர்கள். அந்த வேலைக்கு ஆகும் செலவை மட்டும் கழிக்க வேண்டியதற்கு, முழுத் தொகையையும் கழித்து வைத்திருக்கிறார் மனுஷன்!

லாபம் கொஞ்சம்தான். ஆனால் வருடா வருடம் கைக்கு வருகிற காசு லாபத்தைவிட அதிகம். விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லை. பழைய கட்டடங்கள் ஒன்றுகூட விட்டுப் போகவில்லை. அக்கா, எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனையோ கம்பெனிகளைப் புரட்டியிருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஜனங்கள் முன்கூட்டியே காசைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஏன்? அது இந்தத் தாள்களில் இல்லை. அங்கே யாரோ எதையோ அசாத்தியமாகச் செய்கிறார்கள். கூட்டாளியா, நீயா?

உன் பங்கு அவர் சொன்ன விலையைப்போல எட்டு மடங்கு பெறும். ஆனால் அந்த ஆள் நீதான் என்றால், நீ கிளம்புகிற அன்று அதில் பெரும்பாதி உன்னோடேயே கிளம்பிவிடும். உனக்காக அறைக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தம்பி

மார்ச் 19

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கூட்டாளியிடம் காட்டினேன். பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். "ஐயோ அண்ணி, ஏமாத்தப் பார்த்தேன்னு நினைச்சுடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்" என்றார். பிறகு அவரே, "தம்பி கேக்குற ஆளு நான் இல்ல. நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகுது. கதவைத் திறந்தா உள்ள மாட்டுனவங்க சிரிச்சுக்கிட்டு வர்றாங்க. அது உங்க வேலை" என்றார்.

நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்? லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால், கதவு திறக்கிறவரை போனை வைக்காமல் பேசிக்கொண்டிருப்பேன். போன வாரம் ஒரு பல் டாக்டர் உள்ளே நின்று அழுதார். என் கடைவாய்ப் பல்லைப் பற்றித் துளைத்துத் துளைத்துக் கேட்டே அழுகையை நிறுத்தினேன். என் ஓட்டைவாய்க்கு எட்டு மடங்கு விலையா! இத்தனை பேர் நம்பிப் பணம் கட்டியது இதற்குத்தான் என்று தெரிந்ததும், இரண்டு நாளாக அந்தப் போனைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் வரவில்லை தம்பி. இதை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை.

இப்படித்தான் ஆகும் என்று எழுதும்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. "அவர் சொன்ன விலை சரிதான்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் இந்நேரம் பெட்டி கட்டியிருப்பேன். நீ எழுதவில்லை. யாருமில்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு உண்மையை எழுதினாயே, உன்னை என்னவென்று சொல்வது?

வயதானபின் வருகிறேன் என்று சொல்லலாம். சொன்னால் நீ காத்துக்கொண்டிருப்பாய். அதனால் சொல்லவில்லை.

உன் அக்கா