சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

என்னங்க,

ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் வேலூர் ரிப்பேர் கடைக்குப் போகிறேன். அங்கேயும் அது திறக்காவிட்டால், மூன்று வருடமாக நான் போட்ட புடவை டிசைன் ஒன்றுகூட மிஞ்சாது.

பதினொரு மணிக்குத் தனகோடி அண்ணன் கல்யாணப் புடவை டிசைன் கேட்டு வருவார். நாளைக்குத் தருவதாகச் சொல்லி அனுப்புங்கள். புளிக்குழம்பு இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில்.

மூடி இல்லாத பழைய கம்ப்யூட்டர் பெட்டியை மலிவாக வாங்கி, டிசைன்களைச் சேர்த்துவைக்கும் சர்வராக்கியது நான்தான். ஆயுத பூஜைக்கு மற்ற மெஷினைப் போல அதற்கும், ஓடும்போதே, உள்ளே தெரிந்த டிஸ்கில் ஈரச் சந்தனம் வைத்தீர்கள். உடனே அது நின்றுபோனது. "இதுக்குக்கூடவா பொட்டு வெப்பாங்க?" என்று அத்தை முன்னால் கத்தினேன். "இத்தினி நாளா நமக்கு ஒழைச்சிகினு கீதேன்னு வெச்சேன்" என்றீர்கள். அதன்பிறகு நாம் பேசவில்லை.

"உன் கம்ப்யூட்டர்ல காப்பி இருக்குமே?" என்று அது நின்றதும் கேட்டீர்களே, இல்லை. எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கிறதென்று நம்பி, என் கம்ப்யூட்டரில் இருந்ததை இடம் வேண்டுமென்று போன வாரமே அழித்துவிட்டேன். உங்கள்மேல் கத்தியது அதை மறைக்கத்தான்.

ஹேமலதா

பி.கு. காய்ந்த பொட்டு இன்னும் டிஸ்கிலேயே இருக்கிறது. கடையில் கேட்டால், நான் வைத்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.