துண்டு என்று சொன்னீர்களாமே

காஞ்சிபுரம்,
12-9-1970.

மதிப்பிற்குரிய பரமசிவம் அத்தான் அவர்களுக்கு,

குழலி எழுதிக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் சௌக்கியம். அண்ணனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் சௌக்கியம் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிந்தது. சென்னைப் பயிற்சி முகாமில் முட்டையும் பாலும் தாராளமாகக் கிடைப்பதாகவும், பாங்காக் ஆசியப் போட்டிக்குப் போக எல்லோருக்கும் கோட்டு தைக்க அளவெடுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

நிச்சயதார்த்தம் ஆனதிலிருந்து உங்கள் கடிதங்களுக்கு நான் அரைப் பக்கத்துக்கு மேல் பதில் எழுதியதில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்தாலும் தறிக்கு அந்தப் பக்கம் நின்று தலையை ஆட்டுவதோடு சரி. பி.ஏ. படித்தவளுக்கு வாய் எங்கே போச்சு என்று அத்தை கேலி செய்வார்கள். இன்று நீளமாக எழுதப்போகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தை நான் பலமுறை படித்தேன். குத்துச்சண்டைச் சங்கம் செய்தது சரிதான் என்றும், பரிசுக்காக ஆடுகிறவர்களை அமெச்சூர் போட்டிகளில் விட்டால் விளையாட்டின் தூய்மையே போய்விடும் என்றும், அண்ணன் பஞ்சாட்சரத்தைப் பாங்காக் அணியில் சேர்க்காததில் உங்களுக்கு வருத்தம் இருந்தாலும் விதி விதிதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உனக்குப் படிப்பு இருக்கிறதே, உன் அண்ணனுக்கு எடுத்துச் சொல் என்று முடித்திருக்கிறீர்கள். எடுத்துச் சொல்ல முயன்றேன். சொல்லச் சொல்ல எனக்குத்தான் கோபம் வந்தது.

வைகாசித் திருவிழாவை ஒட்டி நடந்த பொருட்காட்சியை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மேடையில் கயிறு கட்டி உங்களையும் அண்ணனையும் மோத விட்டார்கள். மூன்று சுற்றும் முடிந்து அண்ணன் புள்ளிக்கணக்கில் ஜெயித்தான். நம் தெருவில் பரீட்சையில் தேறினாலும் சரி, பந்தயத்தில் ஜெயித்தாலும் சரி, தெருப் பிள்ளையாருக்குச் சாத்திய பட்டைக் கொண்டுவந்து போர்த்துவது எத்தனை காலத்து வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். நான் பட்டம் வாங்கியபோது எனக்கும் போர்த்தினார்கள். அன்று தெரு நாட்டாமை அண்ணனுக்குப் போர்த்திவிட்டு, "மாப்பிள்ளைய அடிச்சுட்டு வெறுங்கையோட அனுப்பிச்சா நாளைக்குப் பொண்ணு எடுக்க வருவானாப்பா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. உங்களுக்கும் ஒன்று போர்த்தினார். இரண்டும் அப்பா ஒரே பாவில் நெய்து அறுத்த அங்கவஸ்திரங்கள். ஒரே பட்டு, ஒரே ஜரிகை. நீங்கள் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பெண்கள் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு உங்களைப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் பத்திரிகையில் வீரர்களுக்குப் பட்டுப் பரிசு என்று போட்டுவிட்டார்கள். யாரோ அதை வெட்டிச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். விசாரணைக்கு உங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அண்ணன் திரும்பி வந்து, என்னைத் தொழில்முறைக்காரன் என்று சொல்லிவிட்டார்கள், பாங்காக் இல்லை என்று மட்டும் சொன்னான். அம்மா அழுதாள். அப்பா அன்று தறியில் உட்காரவில்லை. உங்களை எப்படிச் சேர்த்தார்கள் என்று நான் கேட்டதற்கு அண்ணன், "தோத்தவனுக்குக் குடுத்தா பரிசுல சேராதுன்னு வெச்சுட்டாங்க போலிருக்குது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டான். நானும் அதை நம்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து யேசுதாஸ் மாஸ்டர் வந்திருந்தார். உங்கள் இருவருக்கும் கையுறை மாட்டிவிட்ட மனிதர். விசாரணை நடந்த அறையில் அவரும் இருந்தாராம். அவர் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் காப்பி கொண்டுபோனேன். நான் இருந்தால் பேச்சு நிற்காது, அவ்வளவு சத்தமில்லாதவள் நான். அப்படித்தான் எல்லாம் காதில் விழுந்தது.

அதிகாரி அண்ணனிடம் கேட்டாராம், உனக்கு ஏதாவது கொடுத்தார்களா என்று. ஆமாம், பட்டு போர்த்தினார்கள் என்றானாம். என்ன பெறும் என்று கேட்டாராம். வாங்கும் பொருளின் விலைக்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதற்குள் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று மாஸ்டர் முன்கூட்டியே அவனுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். ஏதோ சாதாரணத் துணி என்று சொல்லிவிடு என்றும் கெஞ்சியிருக்கிறார். ஆனால் கேட்டது நெசவுக்காரன் பிள்ளையிடம். அப்பா நெய்த பட்டு என்ன பெறும் என்று நாலு பேர் முன்னால் கேட்டால் அவனுக்குக் குறைத்துச் சொல்லத் தெரியாது. சுத்தப் பட்டு, அசல் ஜரிகை, கரையைத் தனியாகக் கோத்து நெய்தது என்று ஆரம்பித்து, பெரிய கடையில் வைத்தால் இன்ன விலை என்று முழு விலையையும் சொல்லியிருக்கிறான். சொல்லும்போது அவன் முகத்தில் எவ்வளவு பெருமை இருந்திருக்கும் என்று என்னால் பார்க்க முடிகிறது. அதிகாரிகளில் ஒருவர், "அவ்வளவு விலையா? அப்போ நீ பெரிய தொழில்காரன்பா" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

அடுத்து உங்களைக் கேட்டார்கள். ஒரு துண்டு போட்டாங்க சார் என்றீர்களாமே.

அத்தான், இந்த ஒரு வரியை நான் இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். பயத்தால் இல்லை.

பக்கத்து நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று மாஸ்டர் சொன்னார். நீங்கள் சொன்னதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பெயரும் அன்றே அடிபட்டிருக்கும். அவன் சொல்லவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. மாஸ்டர் கொதித்தபோதும், "வுடு மாஸ்டர். ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு இருக்கறதுக்கு மாப்பிள்ளையாவது போவட்டும்" என்றுதான் சொன்னான்.

அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் உங்களைத் திட்டமாட்டார். தன் கையால் நெய்ததை, பிள்ளையாருக்குச் சாத்தியதை, துண்டு என்று சொன்னீர்கள் என்பதற்காகச் சாப்பிடாமல் இருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் எழுதிய தூய்மைக்கு வருகிறேன். நீங்கள் வேலை பார்க்கும் மில்லில் உங்கள் பெயர் கணக்குப் பிரிவில் இருக்கிறது. நீங்கள் அங்கே எதையும் எழுதி அத்தை கேள்விப்பட்டதில்லை. "என் புள்ள காலையில கையெழுத்துப் போட்டுட்டுப் பயிற்சிக்குப் போயிடுவான், மில்லுல அவ்ளோ மரியாதை" என்று அவர்களே எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. போட்டிக்குப் போனால் சம்பளத்தோடு விடுப்பு. அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் குத்துவதற்குத்தானே அந்தச் சம்பளம்? அண்ணன் விடியுமுன் பாலாற்று மணலில் ஓடிவிட்டு வந்து தறியில் உட்காருகிறான். ஆட்டத்துக்குப் போன நாளில் நெய்ய முடியாது, நெய்யாவிட்டால் கூலி கிடையாது. இந்த விளையாட்டால் கையிலிருப்பதை இழக்கிறவன் தொழில்முறைக்காரன், வாங்கிக்கொள்கிறவர் அமெச்சூர். எனக்குக் கற்றுக்கொடுத்த தர்க்கசாஸ்திரத்தில் இதற்கு இடமில்லை. பாங்காக்கில் உங்கள் எதிரே வரப்போகிறவர்களில் பாதிப் பேர் பட்டாளத்துக்காரர்கள், ஆண்டு முழுவதும் வேறு வேலையே கிடையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களும் அமெச்சூர்தானாம்.

உங்கள் பக்கத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. மாஸ்டரிடம் கேட்டேன். நான் கேள்வி கேட்டதில் அவருக்கே ஆச்சரியம். அவர் வாலிபத்தில் பணத்துக்கு ஆடியவர். "பணத்துக்கு ஆடுன கை வேற மாதிரிமா. ஆளு வுழுந்தாத்தான் அடுத்த ஆட்டம் கெடைக்கும்னு பழகின கை. அதைக் கொண்டாந்து சின்னப் பசங்க எதிர்ல வுட்டா பாவம்" என்றார். அது நியாயம். அப்படிப்பட்டவர்களை அமெச்சூர் போட்டியில் விடலாமா என்று கேட்டால், அவசரப்பட்டு விடலாம் என்று நானும் சொல்லமாட்டேன். எடை பார்க்கத் தராசு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு ஆடியவன், எப்படிப்பட்டவர்களோடு ஆடியவன் என்றும் பார்க்கட்டும். கைக்குக் கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பிள்ளைகளைக் காப்பாற்றுவது. வீட்டுக்கு என்ன எடுத்துப் போனான் என்று மட்டும் பார்ப்பது யாரைக் காப்பாற்ற? வீட்டில் வசதி உள்ளவனையும், மில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறவனையும்தானே?

இதையெல்லாம் விவாதம் பண்ணுவதற்காக எழுதவில்லை. மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை வந்த காரணம் வேறு. சென்னையில் டிக்கெட் வைத்துச் சண்டை நடத்தும் ஒரு ஆள் அண்ணனைத் தேடிக்கொண்டு வந்துவிட்டான். சங்கமே உன்னைத் தொழில்காரன் என்று சொல்லிவிட்டது, இனி என்ன தயக்கம், வா என்கிறான். எதிரே நிறுத்தப் போகிறவன் பெங்களூர்க்காரன், அண்ணனைவிட எடை கூடியவன், நெடுங்காலமாக இதிலேயே இருப்பவன். அவனோடு ஆடிய ஒரு பையனுக்கு ஒரு கண் போய்விட்டது என்று மாஸ்டர் சொன்னார். போகாதே என்று அவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அண்ணன் சிரிக்கிறான். "பேரு வெச்சுட்டாங்க மாஸ்டர், அந்தப் பேருக்கு ஆடிட்டுத்தான் போறேனே" என்கிறான். அடுத்த வாரக் கடைசியில் அந்த ஆளுக்குச் சம்மதம் சொல்லிவிடுவானாம்.

சங்கத்தின் கமிட்டி வரும் வெள்ளிக்கிழமை கூடுகிறது. பாங்காக் பட்டியலை அன்றுதான் முடிவாக அனுப்புகிறார்கள். அதற்கு முன் நீங்கள் அவர்களிடம் போய், எனக்கும் அதே பட்டைத்தான் போர்த்தினார்கள், அது பரிசு இல்லை, எங்கள் தெருவின் வழக்கம், தோற்றவனுக்கும் போர்த்தினார்கள் என்பதே அதற்குச் சாட்சி என்று சொல்ல வேண்டும். தோற்றவருக்கும் கிடைத்தது எப்படிப் பரிசாகும் என்று கேளுங்கள். அதைக் கேட்க இந்த உலகத்தில் உங்கள் ஒருவரால்தான் முடியும். அண்ணன் சொன்னால் பொறாமை என்பார்கள். மாஸ்டர் சொன்னால் தன் பையனுக்காகப் பேசுகிறார் என்பார்கள். நான் சொன்னால் காதிலேயே வாங்கமாட்டார்கள்.

சொன்னால் இருவரையும் சேர்க்கலாம். ஒரே எடை என்பதால் உங்கள் இருவரையும் மறுபடி மோதவிட்டு ஜெயித்தவரை அனுப்பலாம். இருவரையும் வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பலாம். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கோட்டு தைக்கக் கொடுத்தாகிவிட்டது, உங்களுக்குக் கஷ்டம்தான். மில்லிலும் கேட்பார்கள். அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

தை மாதத்தில் முகூர்த்தம் வைக்கலாமா என்று அத்தை அப்பாவுக்கு எழுதியிருந்தார்கள். அப்பா பதில் எழுத உட்கார்ந்தபோது நான்தான் வேண்டாம் என்றேன். நான் அப்பாவிடம் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்டார். அத்தானிடமிருந்து ஒரு செய்தி வர வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

முகாமில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் அடிபடாமல் ஆடுங்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் சேர்த்துத்தான் தினமும் காமாட்சியிடம் வேண்டிக்கொள்கிறேன், கோபத்தில் ஒருவரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் வந்தால் அண்ணன்தான் முதலில் வாசலுக்கு ஓடி வந்து, வா மாப்பிள்ளை என்று உள்ளே கூப்பிடுவான். சொல்லாமல் வந்தாலும் அவன் அப்படியேதான் கூப்பிடுவான். அவன் அப்படிப்பட்டவன். நான் அப்படி இல்லை.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும்
ஏலவார்குழலி