செம காமெடி அல்ல

மார்ச் 3, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். அலுவலகத்தில் பேசினால் திமிர் என்கிறார்கள், வீட்டில் பேசினால் புலம்பல் என்கிறார்கள். இங்கே எழுதினால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இன்று காலை எங்கள் எல்லோருடைய மேஜையிலும் புதிய கையேடு. ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் இடத்தில் வருஷத்துக்கு ஒரு கையேடு வருவது வழக்கம்தான். அதை யாரும் படிப்பதில்லை என்பதும் வழக்கம்தான். நான் படிப்பேன். எவன் எங்கே தப்புப் பண்ணியிருக்கிறான் என்று பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. அதை மறைப்பானேன்?

பதினான்காம் விதி: பாத்திரம் தனக்கு ஒன்று சிரிப்பாக இருப்பதாக எந்தச் சொல்லால் சொன்னாலும், தமிழில் 'செம காமெடி' என்றே வரவேண்டும்.

எந்தச் சொல்லால் சொன்னாலும்! 'ஃபன்னி' என்றாலும் செம காமெடி. 'ஹிலேரியஸ்' என்றாலும் செம காமெடி. மாளிகையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி ஒரு சீமாட்டி 'ஹவ் அம்யூசிங்' என்று உதட்டோரத்தில் சொன்னாலும் அவள் வாயில் செம காமெடிதான். அந்த அம்மாள் தமிழ் படிக்கக்கூடியவளாக இருந்தால் அந்தக் கோப்பை நம் தலைக்குத்தான் வரும்.

கையேட்டை எழுதியவன் யார் என்று கேட்கவே வேண்டாம். கத்தரி. வசனத்தை இரண்டு வரிக்குள் வெட்டி அடைக்கிற சாமர்த்தியத்துக்காக நான்தான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தேன். இருவரும் ஒரே நாளில் இங்கே சேர்ந்தோம். அதற்கு முன் நான் ஒரு டுட்டோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் இன்னமும் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறான். 'ஹீ கிக்ட் த பக்கெட்', அதாவது செத்துப்போனார், என்பதற்கு 'அவர் வாளியை உதைத்தார்' என்று எழுதிக்கொண்டு வந்தவனை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். இன்று அவன் எங்கள் வரிகளுக்கெல்லாம் தலைமை எடிட்டர். நான் இருந்த நாற்காலியிலேயே இருக்கிறேன். ஏறிப் போனவன் ஏணியை எட்டி உதைக்கிறது உலக வழக்கம்.

மார்ச் 5, வியாழன்

கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். வெள்ளைக்காரன் சிரிப்பு ஒரு தனி விவகாரம்.

நமக்குச் சிரிப்பு வந்தால் சிரிக்கிறோம். அவனுக்குச் சிரிப்பு வந்தால் அறிக்கை விடுகிறான். 'தட்ஸ் ஃபன்னி' என்கிறான், முகத்தில் ஒரு தசை அசையாமல். விழுந்து விழுந்து சிரிக்கவேண்டிய இடத்தில் 'குட் ஒன்' என்று பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி மதிப்பெண் போடுகிறான். கடுப்பு ஏறினால் 'வெரி ஃபன்னி.' அதற்குச் சிரிப்பே இல்லை என்று பொருள். காணாமல்போன செருப்பைத் தேடும்போதும் 'தட்ஸ் ஃபன்னி, இங்கேதானே வைத்தேன்' என்பான். செருப்பில் என்ன நகைச்சுவை? அவனுக்கு ஃபன்னி என்பது சிரிப்பும்தான், ஏதோ சரியில்லை என்பதும்தான்.

நிஜமாகவே சிரித்துவிட்டால் உடனே சாவுதான். 'யூ ஆர் கில்லிங் மீ' என்கிறான். இளவட்டம் 'ஐ ஆம் டெட்' என்று ஒரேயடியாகச் செத்துப்போகிறது. அதை மட்டும் நான் குறைசொல்ல முடியாது. நம் கூட்டமும் கொல்லென்றுதான் சிரிக்கிறது.

குபீர், களுக், நமுட்டுச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு, இளிப்பு. இத்தனையும் கையில் இருக்க, செம காமெடியாம்.

பக்கத்து மேஜைப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். வசனம் எப்போது திரையில் தோன்றவேண்டும், எப்போது மறையவேண்டும் என்று நேரம் வைப்பது அவள் வேலை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே கேட்டாள்.

"சார், நம்மாளுங்க மட்டும் என்ன? இதோ எங்க அக்காவுக்கு 'ஹாஹாஹாஹா'ன்னு அனுப்பினேன். நான் சிரிச்சதப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வாதத்துக்கு உதவாத உதாரணம். விட்டுவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

புதிய படம் எனக்கு வந்திருக்கிறது. சின்னப் படம். அண்ணன் தம்பி இருவர், அடுத்தடுத்த தெரு. ஒரு ஏணிக்காகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். 'நீ வாங்கிக்கொண்டு போனாய், திருப்பித் தரவில்லை' என்கிறான் அண்ணன். 'அன்றைக்கே கொடுத்துவிட்டேன்' என்கிறான் தம்பி. ஊரே சமாதானம் பேசுகிறது, யாரும் அசைவதில்லை. படம் முழுக்கச் சிரிப்பு. தம்பி எல்லோரையும் சிரிக்கவைக்கிற ஆள். அண்ணன் தள்ளி நின்று பார்ப்பான், சிரிக்கமாட்டான். 'தட்ஸ் ஃபன்னி' என்று மட்டும் சொல்லுவான்.

கடைசியில் தம்பி செத்துப்போகிறான். அடக்கம் முடிந்து அண்ணன் வீடு திரும்புகிறான். கார் கொட்டகையில் எதையோ எடுக்கப் பழைய தார்ப்பாயை இழுக்கிறான். பின்னால், சுவரில், ஏணி. ரொம்ப நேரம் பார்க்கிறான். பிறகு, 'தட்ஸ் ஃபன்னி.'

படம் முடிந்தது.

இங்கே நான் எழுதவேண்டுமாம்: செம காமெடி.

மார்ச் 9, திங்கள்

மாட்டேன் என்றேன். கடைசி வரியை மட்டும் ஆங்கிலத்தில் அப்படியே விட்டு அனுப்பினேன். பரிசோதிக்கிற கணினி சிவப்பு காட்டித் திருப்பி அனுப்பியது. கத்தரியின் அறைக்குப் போனேன்.

"என்ன வாத்தியாரே, பதினாலா?"

"ஆமா. படத்தப் பாத்தீங்களா?"

"எங்க நேரம்? அஞ்சு பேர் அஞ்சு தினுசா எழுதுறாங்க. ஒரே தொடர்ல ஒருத்தன் முதல் பாகத்துல 'நகைப்பாக உள்ளது'ங்கிறான், ரெண்டாம் பாகத்துல 'செம்ம மச்சி'ங்கிறான். படம் வாங்குறவங்க கேக்கும்போது யார் பதில் சொல்றது? உங்களையா கூப்பிடுறாங்க?"

"என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க? என் பேரு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே."

அவன் முகம் கொஞ்சம் மாறியது. மாறட்டும்.

இதையும் எழுதிவிடுகிறேன். இங்கே வந்த முதல் பெரிய படம் என்னுடையது. ஒவ்வொரு வரியும் என்னுடையது. திரையில் கடைசியில் 'தமிழ் வரிகள்' என்று வந்தது அவன் பெயர். கேட்டதற்கு, மேலே யாரோ மாற்றிவிட்டார்கள் என்றான். மாற்றியதைத் திருத்த இவனுக்கு வாய் இல்லையா? அன்றிலிருந்து அவனை நான் 'டா' போட்டுப் பேசியதில்லை. 'வாங்க, சொல்லுங்க, சரிங்க.' மரியாதையைப்போலக் கூரான கத்தி கிடையாது. அதன் பிறகு எந்தப் படத்திலும் யார் பெயரும் போடுவதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். நான் ஒருவன்தான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த வருஷம்தான் இறங்கிவந்தார்கள். பெயர் போடப்போகும் முதல் படம் இந்த ஏணிப் படம்.

என் பெயருக்கு முன்னால் கடைசி வரியாக 'செம காமெடி' நிற்கும். அதுவும் நான் எழுதியது என்றே உலகம் நினைக்கும்.

மார்ச் 10, செவ்வாய்

தலைவலி. ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 11, புதன்

'கூடாது' என்று சொல்வது சுலபம். பதிலுக்கு எதைப் போடுவாய்?

'சிரிப்பா இருக்கு' — இல்லை, அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. 'விசித்திரம்' — பேய்ப் படம் ஆகிவிடும். 'ஆச்சரியமா இருக்கு' — சுற்றுலா வந்தவன் பேசுகிற மாதிரி. 'இது நல்ல கூத்து' — கிட்டத்தில் வருகிறது, ஆனால் அதில் கோபம் இருக்கிறது. இவன் யாரைக் கோபிப்பான்? 'என்னத்தச் சொல்ல' — சொல்லிவிட்டானே!

படம் முழுக்க அவன் சொல்கிற வார்த்தையாகவும் இருக்கவேண்டும். கடைசியில் மட்டும் வேறாகச் சொன்னால் அடி விழாது. எம்.ஏ. படித்தவன், ஒரு வார்த்தைக்குத் திண்டாடுகிறேன். கத்தரிக்குத் தெரிந்தால் கொண்டாடுவான்.

மார்ச் 14, சனி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

மத்தியானம். மனைவி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து, காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை செய்கிறவள். நாளெல்லாம் யாருக்கோ என்னவோ என்று பார்த்துவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டாள். நான் பேசிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் சிரிக்காமலே சிரிப்பைச் சொல்வதுபற்றி, குபீருக்கும் களுக்குக்கும் உள்ள வித்தியாசம்பற்றி, நடுநடுவே கத்தரிபற்றி. அரை மணி போயிருக்கும்.

என் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"வேடிக்கையா இருக்குங்க."

"எது?"

"சிரிப்புக்கு இத்தனை வார்த்தை வச்சிருக்கீங்க. இந்த வீட்டுல ஒண்ணுகூடச் செலவாகல."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. சட்டையின் கையை உள்ளே திருப்பி, அடுத்த துணியை எடுத்தாள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அந்த வார்த்தை முந்திக்கொண்டது.

"நீ என்ன சொன்ன?"

"சண்டைக்கா கேக்குறீங்க?"

"இல்ல, இல்ல. அதுக்கு முன்னாடி சொன்னியே. முதல் வார்த்தை."

"வேடிக்கையா இருக்குன்னேன். ஏன், அதுலயும் இலக்கணப் பிழையா?"

வேடிக்கை. சிரிப்பும் அதில் இருக்கிறது. ஏதோ சரியில்லை என்பதும் இருக்கிறது. முகத்தில் தசை அசையாமல் சொல்லவும் முடிகிறது, கண்ணால் பார்த்தேன். அதற்குமேல் ஆங்கிலத்தில் இல்லாத ஒன்றும் உண்டு: வேடிக்கை பார்ப்பது. கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பது. அந்த அண்ணன் ஆயுளெல்லாம் செய்தது அதுதானே!

எழுந்துபோய் எழுதி வைத்துக்கொண்டேன். திரும்பி வருவதற்குள் அவள் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டாள்.

மற்றதைப்பற்றி — செலவாகவில்லை என்றாளே, அதைப்பற்றி — இன்று எழுத முடியவில்லை. ஆனால் பொய் என்றும் எழுத முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

கத்தரியின் அறையில் கடைசிக் காட்சியைப் போட்டேன். அவனும் பார்க்கத்தான் வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போட்டேன். தார்ப்பாய் விழுந்தது. ஏணி. கீழே இரண்டு மாதிரியும் போட்டுக் காட்டினேன். முதலில் 'செம காமெடி'. கத்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு 'வேடிக்கைதான்.'

அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். பிறகு, "இன்னொரு தரம் போடுங்க," என்றான். போட்டேன்.

"விட்டுடறேன், வாத்தியாரே. நான் கையெழுத்துப் போட்டுத் தள்ளிடறேன். ஆனா ஒண்ணு."

"என்ன?"

"விதியை மீறின படத்துல தனிப் பேர் வராது. 'மொழிபெயர்ப்புக் குழு'ன்னுதான் போகும். கையேட்டோட கடைசிப் பக்கத்துல இருக்கு, மேல போட்டது; நீங்க பதினாலோட நிறுத்திட்டீங்க. நான் கேட்டுப் பாத்துட்டேன், வெள்ளிக்கிழமையே. மசியல."

"வெள்ளிக்கிழமையா? நான் இன்னிக்குத்தானே வார்த்தையோட வந்தேன்!"

"நீங்க வருவீங்கன்னு தெரியாதா எனக்கு?"

"அப்ப பேரு வேணும்னா?"

"செம காமெடி."

நிஜமாகவே விதியைத்தான் சொன்னான். ஆனால் சொன்ன மாதிரியைக் கேட்டு இருவருமே ஒரு கணம் விழித்தோம்.

"போடா," என்றேன்.

வாயிலிருந்து விழுந்துவிட்டது. பொறுக்கி எடுத்து உள்ளே போட முடியாது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. சிரித்தானா, இருமினானா, தெரியாது. நான் நின்று பார்க்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று இந்தப் பக்கத்தைப் படித்து யாரும் நினைக்கவேண்டாம். அந்த முதல் படம் என்னுடையது. அது மாறாது.

நாளைக்குள் அனுப்பவேண்டும். பெயரா, வார்த்தையா?

மார்ச் 17, செவ்வாய்

வீட்டிலிருந்தே வேலை. மனைவிக்கும் இன்று விடுமுறை. படத்தின் கடைசிப் பகுதியைப் பார்க்கிறாயா என்று கேட்டேன். என் வேலையை அவளிடம் காட்டி எவ்வளவோ காலமாகிறது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

முடிந்ததும் கேட்டாள்.

"அந்த ஏணி மொதல்லேருந்தே அவரு வீட்டுலயேவா இருந்துச்சு?"

"ஆமா."

"பாவம் மனுஷன்." திரையைக் காட்டி, "ஏங்க, இது நான் சொன்ன வார்த்தைல்ல?"

"நீ சொன்னதுதான்."

"சரி, உங்க பேரு எப்ப வரும்?"

விஷயத்தைச் சொன்னேன். இந்த வரியை வைத்தால் பெயர் இல்லை, பெயரை வைத்தால் இந்த வரி இல்லை என்று. முழுவதும் கேட்டாள்.

"இந்தப் பேருக்காகத்தானே இத்தனை வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா."

"அப்ப சும்மா போற எடத்துல என் பேரையாவது போடுங்க."

முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் குபீரென்று வந்துவிட்டது. நாற்காலி கிரீச்சிட்டது. அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். யாரோ புது ஆள் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி. பிறகு அவளும்.

அவள் சமையலறைக்குப் போனபிறகு கணினியைத் திறந்தேன். அண்ணன் சொல்லும் இடமெல்லாம், கடைசி வரியிலும், 'வேடிக்கைதான்' இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கீழே பெயருக்கான கட்டம். போன வாரமே என் பெயரை அதில் அடித்து வைத்திருந்தேன், முதலெழுத்தோடு. ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.

காலியாகவே போகட்டும். அனுப்பிவிடுகிறேன்.