பிரவீணாவுக்கு நான் போட்ட வளையல்

அண்ணா, இந்த முதல் வரிகள் உன் தங்கை கவியா நான் சொல்வது. அம்மாவின் விரல்கள் பேனா பிடிக்காததால், அம்மா சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

அன்பு மகன் அறிவரசனுக்கு அம்மா சொல்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம், சூரத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருக்க வேண்டும். ரஞ்சன்குடிப் பக்கம் நல்ல மழை, மக்காச்சோளம் முட்டிக்கு மேல் வந்துவிட்டது. போனில் என்றால் முழுதாகச் சொல்லி முடிக்க மாட்டேன் என்றுதான் இதை எழுதச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டு மலர்க்கொடியின் மகள் பிரவீணாவுக்கு வளைகாப்பு. என்னை மகளிர் குழுவில் சேர்த்தவள் மலர்க்கொடிதான். அதற்கு முன்னால் நம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் யார், இப்போது குழுவே நம் வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கிறது. ஆனாலும் நல்ல காரியம் என்றால் நான் ஒதுங்கித்தான் நிற்பேன், அன்றைக்கும் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றேன். பிரவீணா விடவில்லை, ஆண்டாயி அத்தை வந்து வளையல் போட்டாத்தான் எந்திரிப்பேன்னு மணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொழுநோய் மாத்திரை தின்று குணமாகி எத்தனையோ வருடம் ஆகியும் மடங்கின விரல் நிமிரவில்லை, அதில் உணர்ச்சியும் கிடையாது. எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியாமல் முதல் வளையலை உடைத்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ இதுக்குத்தான் நா அப்பவே சொன்னேன் என்றாள். பிரவீணா சிரித்துக்கொண்டே, தின்னு தின்னு என் கை குண்டாப் போச்சு, வளையல் என்ன பண்ணும், நீங்க சும்மா புடிங்க அத்தே, நா கைய வுடுறேன் என்றாள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வளையலைப் பிடித்தேன், அவள் கையை உள்ளே நுழைத்தாள். மலர்க்கொடி என் கன்னத்திலும் சந்தனம் பூசினாள்.

உன் கல்யாணத்தைக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே, அதை மறந்துவிடு. அப்பாவோடு மணவறையில் நிற்பேன். கீழப்பழுவூரில் அனிதா வீட்டாரிடம் என் கையைப் பற்றி நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு, அந்த நோய் இனி யாருக்கும் ஒட்டாது என்பதையும் சொல். அவர்கள் முகம் சுளித்தாலும் என்னிடம் மறைக்காதே. உன் உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டு. பிரவீணாவுக்கு மறக்காமல் போன் போட்டு, நான் சொன்னதாக நன்றி சொல். நீயும் அனிதாவும் மனம் நிறைந்து வாழ வேண்டும்.

உன் அம்மா,
ஆண்டாயி

அண்ணா, வளையல் உடைந்ததைச் சொல்லும்போது அம்மா அழவில்லை, சந்தனத்தைச் சொல்லும்போதுதான் அழுதார்கள். அதையெல்லாம் எழுதாதடி என்றார்கள். எழுதிவிட்டேன். ஈசல் வந்து விழுது என்று சொல்லி, முழங்கையால் சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்துவிட்டார்கள். கடைசி வரிகள் கோணியிருப்பது அதனால்தான்.