சத்தமில்லாத ஒரு மணி நேரம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

அதே மீன் காட்சியகத்தில்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கோபப்படுவதானால் படித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஞாயிறு காலை ஒரு மணி நேரம், சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகளுக்கென்றே திறக்கிறோம். பாட்டு கிடையாது. விளக்குகள் பாதிதான் எரியும். காதை அடைக்கும் ஹெட்போன்களைக் கொடுப்பது என் வேலை. மஞ்சள் நிறத்தில் ஒன்று இருக்கிறது. பாப்பா அதைத்தான் கேட்டிருப்பாள். அதை மட்டும் யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒலிபெருக்கியின் வயரை நானே பிடுங்கி வைப்பேன். அப்படியும் அதன் அருகே போனால் உள்ளே அவள் பெயர் கேட்கிறது. என் குரலில்தான்.

இன்று ஒரு சிறுமியைக் காணவில்லை. காவலாளி வயரைச் சொருகி மைக்கை எடுத்தார்.

"வேணாங்க! சத்தம் கேட்டா இன்னும் ஓடுவா. கதவை மட்டும் மூடுங்க" என்று பிடுங்கிக்கொண்டேன்.

"என் பொண்ணைக் கூப்பிடக்கூட விடமாட்டியா?" என்று அவளுடைய அம்மா என் மேல் பாய்ந்தாள்.

"பத்து நிமிஷம் குடும்மா. அவளே வருவா."

வந்தாள். ஆமைத் தொட்டியின் பின்னாலிருந்து, தூங்கி எழுந்தவளைப் போல.

பாப்பா இங்கே காணாமல் போன அன்று நான் மைக்கில் கத்தக் கத்த, அவள் காதைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். அதற்கப்பால் இருந்த சாலையைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் இதுவரை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை.

அன்று என் கையைப் பிடித்து நீங்கள் கேட்டதும் பத்து நிமிடம்தான்.

பாப்பாவின் அம்மா