முடியாத கோப்புக்கு ஒரு தனி வழி

மக்கா,

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே முதலில் பட்டியல்:

1. உன் மடிக்கணினி என் வீட்டுக்கு வந்தது.
2. ஒற்றை இழைக்காக நாம் வாதிட்டது.
3. உன் மைத்துனனின் படகைத் தேடிய நாள்.
4. நீ எழுதிய தனி வழி இனி யாருக்கும் தேவையில்லை என்பதால் அதை நீக்கப்போவது.

போன வாரம் உன் மனைவி தேங்காய்ப்பட்டணத்திலிருந்து இரணியலுக்கு இரண்டு பஸ் மாறி வந்தார். பழைய துவர்த்துத் துண்டில் சுற்றி உன் கணினியைக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் உப்புக்காற்றும் நீ கழுத்தில் தேய்க்கும் தைலமும் சேர்ந்த மணம். கீல்களில் துரு. “என் தம்பி இப்பவும் ஆழ்கடலுக்குத்தான் போறான் அண்ணே. இது ஒங்ககிட்ட இருக்கட்டு. எனக்கு ஒண்ணும் பாக்கத் தெரியாது” என்றார். நான் தேநீர் கொடுத்து அனுப்பினேன். உன் நினைவாக இருக்கட்டும் என்று தருகிறார் என்றே நினைத்தேன்.

நான் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நீ வளைகுடாவில் கணினிகளோடு வாழ்ந்து திரும்பியவன். இரண்டு பேரும் பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதான் அந்தத் தேடுகருவி. கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டினால், எத்தனை கோப்புகள் இருந்தாலும் அந்தச் சொல் வரும் வரிகளை எடுத்துக் கொடுக்கும். வேகத்துக்காக வேலையைப் பல இழைகளுக்கு, ஒரே நேரத்தில் வேலை செய்யும் பல கைகள் மாதிரி, பிரித்தோம். ஓர் இழைக்கு ஒரு கோப்பு. ஒரு கோப்பின் வரிகள் இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு இழையும் கண்டதைக் கையில் வைத்திருந்து, தன் கோப்பு முடிந்த பிறகே மொத்தமாகத் திரையில் போடும். உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

தேட ஒரே ஒரு கோப்புதான் என்றால்? அதற்கு நீ தனி வழி எழுதினாய். கலக்க ஆள் இல்லாதபோது காத்திருப்பதற்கும் காரணம் இல்லை. வரி கிடைத்ததும் திரைக்கு வந்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வழி இருந்தால் ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு தடவை சோதிக்க வேண்டும். ஒரே இழை என்பது பல இழைகளில் மிகச் சிறிய எண்ணிக்கை, அவ்வளவுதானே என்றேன்.

நீ சிரித்தாய். “ஒருத்தன் மட்டும் சாப்பிட வந்தா, பந்தி நெறையட்டும்னு அவனை எலைக்கு முன்னால இருத்தி வச்சிருப்பியா?”

உன் உவமையை விட என் சோதனை முடிவுகள் பெரிதாகத் தெரிந்தன. எல்லாக் கோப்புகளிலும் இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தந்தன. நான் பிடிவாதமாக நிற்க, நீயும் விட்டுக்கொடுத்தாய். தனி வழியை எடுத்துவிட்டோம்.

பிறகு அந்தப் புயல். கரைக்கு வந்து சேராத படகுகளைப் பற்றி வயர்லெஸ்ஸில் கேட்டதை மீனவர் சங்கத்து அறையில் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அந்த வரிகள் உன் கணினிக்கு ஒரே கோப்பாக வந்துகொண்டே இருந்தன. நீ மைத்துனனின் படகுப் பெயரைத் தேடக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். உன் மனைவி பின்னால் ஜெபமாலையோடு நின்றார். காலையிலிருந்து திரையில் ஒரு வரி இல்லை. மத்தியானம் நான் வந்தபோதும் அப்படியே.

சங்கத்து அறையிலிருந்து போன் வந்தது. அந்தப் பெயரைக் காலையிலேயே தட்டச்சு செய்துவிட்டேனே, நீங்கள் பார்க்கவில்லையா என்று அவர் கேட்டார்.

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கருவியை நிறுத்தி, தனி வழி இருந்த பழைய பிரதியை எடுத்து, வந்த வரிகளை முதலிலிருந்து ஓடவிட்டாய். உடனே விழுந்தது: படகு லட்சத்தீவு ஓரம் ஒதுங்கியிருக்கிறது, எல்லாரும் சுகம். உன் மனைவி ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

படியில் இறங்கும்போதுதான் என்னிடம் பேசினாய். “நீ சோதிச்ச கோப்புக்கெல்லாம் முடிவு உண்டு மக்கா. இது முடியாத கோப்பாக்கும். முடியட்டும்னு இருந்தா அது ஒண்ணுமே சொல்லாது, கேட்டியா.” குரலில் கோபம் இல்லை. தனி வழி மறுபடி உள்ளே வந்தது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நான் மட்டும்தான் இதைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு தடவை சோதிக்க இப்போது கண்ணும் ஒத்துழைப்பதில்லை. முடியாத கோப்பின் முன்னால் காத்திருந்தவன் நீ ஒருவன்தான், நீயும் இல்லை என்று கணக்குப் போட்டேன். இன்று காலை அந்தப் பகுதியை நீக்கத்தான் உன் கணினியைத் திறந்தேன். நீக்குமுன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று, நீ கடைசியாகத் தட்டிய கட்டளையை மறுபடி எடுத்தேன். மைத்துனனின் படகுப் பெயர்தான். சங்கத்து வரிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன என்பதே எனக்குத் தெரியாது.

இங்கே வரைக்கும் எழுதி நிமிர்ந்தேன். திரையில் ஒரு வரி, மைத்துனனின் படகுப் பெயரோடு: வலையை இழுத்து வாங்கியாச்சு, திரும்புகிறோம்.

உன் மனைவிக்குப் போன் செய்து அந்த வரியைப் படித்துச் சொன்னேன். “அதுக்குத்தான் அண்ணே தந்தேன்” என்றார்.

மேலே நான்காவதாக எழுதியது தவறு, மக்கா. நீ எழுதியது அப்படியே இருக்கும். இரண்டு தடவையும் நானே சோதிக்கிறேன்.