பழைய பட்டை வைரம்

பெங்களூரு
6.1.2025

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி ஜாஸ்பருக்கு,

அண்ணன் ஜஸ்டஸ் எழுதுவது. போனில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய், அதனால்தான் கடிதம். என் மகள் பெர்லினுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, மே மாதம். அம்மாவின் வைர மோதிரத்தைப் பழைய போட்டோவில் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா அசந்துபோனார். கையால் பட்டை தீட்டிய கல் இப்போது எங்கே கிடைக்கிறது என்கிறார். பெர்லினும், "மோதிரம் மாத்துனா பாட்டி மோதிரம்தாம்ப்பா" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அம்மாவுக்குப் பிறகு அது உன்னிடம் இருப்பதுதான் முறை. பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

ஜஸ்டஸ்

சங்கரன்கோவில்
14.1.2025

அண்ணனுக்கு,

சம்பந்தியம்மா சொல்வது சரி. கடையில் விற்கிற புது வைரம் கண்ணைக் குத்தும். இந்தக் கல் அப்படியில்லை. மெழுகுவர்த்தி அருகே கொண்டுபோனால் உள்ளே நிதானமாக ஒரு தணல் எழும். பட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எவனோ குனிந்து உட்கார்ந்து தீட்டியது தெரியும். வளையத்தின் அடிப்பக்கம் அம்மா விரலில் தேய்ந்து நூலாகிவிட்டது.

அம்மாவைச் சவப்பெட்டியில் வைத்திருந்த அன்று, சபை ஐயரும் சொந்தக்காரர்களும் பார்த்திருக்க நீ கேட்டாய்: "ஏலே, மோதிரம் எங்க? வித்துத் தின்னுட்டியா?" அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளியவனின் பீரோவைத் துழாவினாய். இன்றுவரை அதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

சொல். மோதிரம் வரும்.

ஜாஸ்பர்

பெங்களூரு
25.1.2025

அன்புத் தம்பி,

செத்த வீட்டில் ஆயிரம் நடக்கும். இவ்வளவு படித்தவன் அதையே கட்டிக்கொண்டு அழலாமா? மனதில் வைத்துக்கொள்ளாதே. பெர்லின் விரலில் நூல் சுற்றி அளவெடுத்து அனுப்பியிருக்கிறாள். "சித்தப்பா குடுப்பாங்க, எனக்குத் தெரியும்" என்கிறாள். கூரியர் வேண்டாம்; நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்பு.

ஜஸ்டஸ்

சங்கரன்கோவில்
22.4.2025

அண்ணனுக்கு,

மோதிரத்தை, பெங்களூரில் கடை வைத்திருக்கும் நம் தெரு சித்தீக்கிடம் கொடுத்திருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் கண் கூசும். கல் சூரத் போய்ப் புதுப் பட்டை தீட்டி வந்திருக்கிறது. வளையத்தைக் கீழ ரத வீதி ஆசாரி என் கண்முன்னால் உருக்கி, பெர்லின் அளவுக்குப் புதிதாகச் செய்தார். உருக்குமுன், "அண்ணாச்சி, இத அழிச்சா பொறவு வராது, பாத்துக்கிடுங்க" என்றார். "அதுக்குத்தான் வே கொண்டாந்தேன்" என்றேன்.

ஊரில் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பழைய நகையை அழித்துச் செய்துதானே இங்கே கல்யாணம் நடக்கிறது? சித்தப்பா கைக்காசு போட்டுச் செய்த சீர் என்பார்கள். நீயும் சொல்ல முடியாது. அன்று பீரோவில் மோதிரம் அகப்பட்டதும், "இந்த மங்குன கல்லுக்கா இம்புட்டுப் பேச்சு? அழிச்சு எதாவது செஞ்சுக்கோ" என்று மேஜையில் விட்டெறிந்தவன் நீதான்.

பெர்லின் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சித்தப்பா ஏன் இப்படிச் செய்தார் என்று அவள் உன்னிடம்தான் கேட்பாள். அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்து என்ன கேட்டாய் என்பதை, உன் மகளுக்கு உன் வாயால் சொல்.

ஜாஸ்பர்